நாய் எலி மருந்து தின்றுவிட்டால்

மலேசியாவில் பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மரத்தடிக்கு மரத்தடி எலி மருந்து வைத்தால், லயத்து நாய் ஒன்றாவது வாய் வைத்துவிடும். தின்ற அன்றும் மறுநாளும் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்னும். ஏமாந்துபோவது அங்கேதான்.

இரத்தம் உறையத் தேவையான 2, 7, 9, 10ஆம் காரணிகள் என்னும் புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே கொண்டு முடித்துத் தருகிறது. செலவான வைட்டமினைப் புதுப்பிக்கும் நொதியை, எலி மருந்தில் இருக்கும் நஞ்சுகளான வார்ஃபரின், புரோடிஃபாக்கம் இரண்டும் முடக்கிவிடும். கையிருப்புக் காரணிகள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் உள்ளே இரத்தம் கசிந்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மலம் கறுக்கும்.

முதலில் மருந்துப் பையைத் தேடி எடுங்கள். பெயரும் விழுக்காடும்தான் டாக்டருக்கு வேண்டும். 0.005 விழுக்காடு புரோடிஃபாக்கம் என்றால் 20 கிராம் கட்டியில் 1 மில்லிகிராம். கிலோவுக்கு 0.25 மில்லிகிராமே சில நாய்களைக் கொல்லும். அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம், இரண்டரைக் கட்டி.

தின்று 4 மணி நேரத்துக்குள் கிளினிக் போனால் வாந்தி எடுக்க வைப்பார்கள், கரித்தூள் கொடுப்பார்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். பால் நஞ்சை முறிக்காது. ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும்.

'கல்லீரல் டெஸ்ட் நார்மல்' என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். வழக்கமாகப் பார்க்கும் ஏஎல்டி, கல்லீரல் செல் சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதி. முடங்கியது வேறு நொதி. கேட்க வேண்டியது பி.டி. என்னும் உறைதல் நேரச் சோதனை. 7ஆம் காரணி முதலில் தீர்வதால், 2, 3 நாளில் அது நீண்டு காட்டிக்கொடுக்கும்.

மாற்று மருந்து வைட்டமின் கே1. கே3 உதவாது. டாக்டர் சொல்லும் அளவு பொதுவாக ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக ஏறும். கோழித்தோல் போதும். புரோடிஃபாக்கம் கல்லீரலிலேயே தங்கிக்கொள்வதால் 4 வாரம் வேண்டும். பத்தாம் நாள் துள்ளி ஓடுகிறதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்திய சில நாளில் மறுபடி கசியத் தொடங்கும். கடைசி மாத்திரைக்குப் பின் 48 முதல் 72 மணி நேரத்தில் பி.டி. மறுபடி பாருங்கள்.

செத்த எலியை ஆழமாகப் புதையுங்கள். அதைத் தின்னும் பூனைக்கும், எலி பிடிக்கவென்று தோட்டத்தில் வைத்த கூட்டுப் பெட்டியில் குடியிருக்கும் கூகைக்கும் அதே நொதிதான் முடங்கும்.