டயாலிசிஸ் இடம் யாருக்கு? பங்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டயாலிசிஸ் மெஷினில் ஒருவருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்று ஓட்டினால் 18 முறை. ஆளுக்கு வாரம் மூன்று முறை கொடுத்தால் அந்த மெஷின் ஆறு பேரைத் தாங்கும். இரண்டு முறையாகக் குறைத்தால் ஒன்பது பேரைத் தாங்கும். நடுவில் நிற்கிற அந்த மூன்று பேரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஓர் அறக்கட்டளையின் டயாலிசிஸ் மையத்தில் சில வருடம் குழு உறுப்பினராக இருந்தேன். அங்கே பார்த்த, நானும் சேர்ந்து செய்த தவறுகளை எழுதுகிறேன்.

பெரிய தவறு, "நாங்கள் யாரையும் ஒதுக்குவதில்லை" என்று நம்புவது. இடம் நிறைந்த பிறகு வருபவரிடம் "அடுத்த மாதம் வந்து பாருங்கள்" என்கிறோமே, அதுவே ஒதுக்குவதுதான். கூட்டம் அதிகமானதும் நான்கு மணி நேரம் மூன்றரை ஆகிறது, வாரம் மூன்று முறை இரண்டாகிறது. எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை. ஆனால் உடம்பில் ஏறுகிறது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நாள் கூடினால் நீர் கோத்து, பொட்டாசியம் ஏறி, நடுராத்திரியில் மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். சரி, குறைத்தே ஆக வேண்டும் என்றால்? எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டக்கூடாது. இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறவர்கள் சிலருக்கு வாரம் இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். அதைச் சிறுநீரக மருத்துவர் ஆள் ஆளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், மறுபடி மறுபடி பார்க்கவும் வேண்டும்.

அடுத்தது, "முதலில் வந்தவருக்கு முதல் இடம்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் காலை எட்டரைக்கு ஓர் அம்மா மஞ்சள் பையில் கணவரின் ஸ்கேனையும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு பஸ் மாறி வந்திருந்தார். காலியான ஒரே இடம் முந்தின நாள் சாயங்காலம் போய்விட்டிருந்தது. அதை வாங்கியவருக்கு எங்கள் குழுவிலேயே ஒருவரின் போன் நம்பர் தெரியும். அந்த அம்மாவுக்கு மையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதே தெரியாது. இப்படி இருக்கும்போது முந்தி வருவதில் நியாயம் எங்கே இருக்கிறது?

அப்புறம் ஒரே நோட்டு வைத்தோம். பதிவு செய்த தேதி, நோயின் நிலை, யார் அனுப்பினார்கள் என்று மூன்று பத்தி. சிபாரிசு போன் வந்தால் அழைத்தவர் பெயரும் அதிலேயே ஏறும். எழுத ஆரம்பித்த பிறகு போன் குறைந்தது.

ஆளின் மதிப்பைப் பார்த்துக் கொடுப்பது மூன்றாவது தவறு. இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாகப் பொருத்தும் டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களை வருடக்கணக்கில் பிழைக்க வைக்க அதனால் முடிந்தது. ஆனால் 1962-ல் அங்கே திறந்த மையத்தில் இருந்தது சில இடங்களே. மருத்துவர்கள் தகுதியுடையவர்கள் என்று அனுப்பியவர்களில் யாரை எடுப்பது என்பதைப் பெயர் வெளியிடாத ஏழு பேர் முடிவு செய்தார்கள். வேலை, வருமானம், கல்யாணம் ஆனவரா, சர்ச்சுக்குப் போகிறவரா என்பதெல்லாம் கணக்கில் வந்தது. அது வெளியே தெரிந்ததும் நாடே பதறியது. 1972-ல் அரசே டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டம் வந்தது. நம் ஊரில் சர்ச் கேள்வி இருக்காது. "குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் பாவம்", "இவர் குடிச்சே கெடுத்துக்கிட்டார்" என்ற பேச்சு இருக்கும். என்னால் அதை ஏற்க முடியாது. குடித்தவருக்கும் மூச்சு அதே மாதிரிதான் வாங்கும்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடைப்பது. போடும் பணத்துக்கு எத்தனை ஆரோக்கியமான வருடம் கிடைக்கும் என்று மட்டும் பார்த்தால் டயாலிசிஸ் பெரும்பாலும் தோற்கும். தாய்லாந்தில் கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனாலும் டயாலிசிஸ் செலவில் குடும்பங்கள் சொத்தை இழந்து நிற்பதைப் பார்த்து, 2008-ல் அனைவருக்குமான மருத்துவத் திட்டத்தில் அதையும் சேர்த்தார்கள். செலவு கட்டுப்பட வேண்டுமே என்று, வயிற்றுக்குள் குழாய் வழியே திரவத்தை விட்டு, பிறகு வடித்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸை முதலில் வைத்தார்கள். கணக்கையும் பார்த்தார்கள், கண்ணீரையும் பார்த்தார்கள்.

நன்கொடையாக மெஷின் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஷினில் பெயர்ப் பலகை மாட்டலாம், அதனால் கொடுப்பவர்கள் வருவார்கள். டெக்னீஷியன் சம்பளத்தில் பலகை மாட்ட முடியாது. ஒரு டயாலிசிஸுக்குச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் வேண்டும். ஆர்.ஓ.வில் வீணாகிப் போவது தனி. கோடையில் லாரித் தண்ணீர் வராத நாளில் எத்தனை மெஷின் இருந்து என்ன? ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின் வைக்க வேண்டும், அதையும் ஆரம்பத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும். மெஷின் தருகிறேன் என்பவரிடம் அதன் மூன்று வருட ஓட்டச் செலவையும் பேசுங்கள். தயங்க வேண்டாம்.

இரண்டு முறை வராதவரின் பெயரை உடனே அடிப்பதும் தவறு. போன் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் பஸ் காசுதான் காரணமாக இருக்கும், அல்லது கூட வருகிறவருக்குக் கூலி போயிருக்கும். அப்படியும் பெயரை எடுக்க நேர்ந்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், யாரிடம் முறையிடலாம் என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, இடம் இல்லை என்று சொல்வதோடு பேச்சை முடிப்பது. தூரத்து ஊர்க்காரர்கள் சிலருக்கு வயிற்று வழி டயாலிசிஸே வசதியாக இருக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டில் சுத்தமான ஓர் அறை உண்டா, பை மாற்றக் கற்றுக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்கலாம். மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவிடம் எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று வாட்ச்மேனிடம் கேட்டார்.