எழுந்திருக்க அவசரப்படாதீர்கள்: வேக்போர்டிங்கில் முதல் நாள் செய்யும் தவறுகள்

என் அக்கா மகனை முதன்முதலாக வேக்போர்டில் ஏற்றிய காலை நன்றாக நினைவிருக்கிறது. காலில் மாட்டிய பலகையில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுபட்டுத் தண்ணீர் மேல் வழுக்கிப் போகும் விளையாட்டு அது. சிங்கப்பூரில், படகு இழுக்கும் வகுப்பு. பத்தொன்பது வயது, தினமும் ஜிம்முக்குப் போகிற உடம்பு. படகு கிளம்பியதுதான் தாமதம், கைப்பிடியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு எழுந்தான். அடுத்த நொடி முகம் தண்ணீரில். இப்படியே ஏழு முறை.

"மாமா, கையே தூக்க முடியல. இது எனக்கு வராது போல."

"நீ ஒண்ணுமே பண்ணாதடா. குத்தவெச்சு உட்காரு, போதும். படகு உன்னைத் தூக்கும்."

அடுத்த முறை எழுந்துவிட்டான். அதே வகுப்புக்கு வந்திருந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா இரண்டாவது முயற்சியிலேயே எழுந்துவிட்டார். கயிற்றோடு மல்லுக்கட்ட அவர் நினைக்கவே இல்லை. வேக்போர்டிங்கில் பலசாலிகள்தான் முதல் நாள் அதிகம் விழுகிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

முதலில், தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பலகை உங்கள் எடையைத் தாங்குவது வேகத்தால்தான். நின்ற இடத்தில் அது யாரையும் தாங்காது. படகு கிளம்பிய முதல் இரண்டு மூன்று நொடிகளில் அந்த வேகம் இருக்காது. அப்போது எழுந்து நின்றால் பலகை அமிழும், தண்ணீர் அதை மறிக்கும், கயிறு உங்களை மட்டும் முன்னால் பிடுங்கும். குப்புற விழுவதற்கு இதுதான் காரணம்.

கையை மடக்கி இழுப்பதும் இதே கணக்குதான். கைப்பிடியை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் கயிறு ஒரு கணம் தொய்யும். படகு போய்க்கொண்டே இருப்பதால் அடுத்த கணம் வெடுக்கென்று இழுக்கும். கை நீண்டிருந்தால் அந்த இழுப்பு தோள் வழியாக முதுகுக்கும் காலுக்கும் போய்ச் சேரும். மடங்கியிருந்தால் முன்கையே எல்லாவற்றையும் தாங்க வேண்டும், பத்து நிமிடத்தில் விரல்கள் மூடாமல் போய்விடும்.

சரி, எப்படி இருக்க வேண்டும்? தண்ணீரில் மல்லாந்து மிதக்க வேண்டும். முழங்கால்கள் நெஞ்சுக்கு அருகில், குதிகால்கள் பிட்டத்துக்கு அருகில். பலகை கயிற்றுக்குக் குறுக்காக, மேல் ஓரம் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி. கைகள் முழங்கால்களுக்கு வெளிப்புறமாக நேராக நீண்டிருக்கட்டும். படகு நகர்ந்ததும் தண்ணீர் பலகையை உங்கள் பக்கம் தள்ளும். இங்கேதான் அடுத்த தவறு: பயத்தில் காலை நீட்டி அதை எதிர்த்து உதைப்பது. உதைத்தால் பலகை ஒரு சுவர் மாதிரி நின்றுவிடும், கைப்பிடி கையை விட்டுப் போய்விடும். உதைக்காமல் முழங்காலை மடக்கியே வைத்திருந்தால் பலகை தானாக உங்களுக்கு அடியில் வந்து சேரும். அப்போது நீங்கள் குத்தவைத்து உட்கார்ந்த நிலையில் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். நம் ஊரில் சின்ன வயதிலிருந்து தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது தெரிந்த நிலைதான். அப்படியே மூன்று எண்ணுங்கள். பலகை தண்ணீர் மேல் வழுக்குவதைக் காலில் உணர்ந்த பிறகு, மெதுவாக எழுந்திருங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். அப்புறம் முன்கால் படகைப் பார்க்கும்படி பலகையைத் திருப்பி, கைப்பிடியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எந்தக் கால் முன்னால் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வலது கைக்காரர் என்பதால் இந்தக் கால்தான் என்று கணக்குப் போட வேண்டாம். காலுறை போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் ஓடிவந்து வழுக்கிப் பாருங்கள், எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான். இடது கால் முன்னால் இருந்தால் 'ரெகுலர்', வலது கால் என்றால் 'கூஃபி'. இரண்டில் ஒன்று உசத்தி என்று கிடையாது.

சர்ஃபிங் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவளம் அலைகளில் பழகியவர்கள் இது சுலபமாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். சமநிலை உதவும், உண்மைதான். ஆனால் சர்ஃபிங்கில் நாமே கையை ஊன்றிச் சட்டென்று துள்ளி எழுகிறோம். இங்கே அந்தத் துள்ளல்தான் கவிழ்க்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடும்பம். 1985-இல் சான் டியேகோவில் டோனி ஃபின் கொண்டுவந்த 'ஸ்கர்ஃபர்', படகுக்குப் பின்னால் ஓட்டும் ஒரு குட்டி சர்ஃப் பலகை மாதிரிதான் இருந்தது. மிதப்பு அதிகம் என்பதால் அதைத் தண்ணீருக்குள் அமுக்கிவைத்துக் கிளம்புவது பெரும்பாடு. 1990-இல் ஹெர்ப் ஓ'பிரையன் 'ஹைப்பர்லைட்' பலகையில் அந்த மிதப்பைக் குறைத்த பிறகுதான் புதியவர்களுக்கும் இது சாத்தியமானது.

எழுந்து நின்றவுடன் எல்லோரும் செய்வது, குனிந்து பலகையைப் பார்ப்பது. தலை போகிற பக்கம் எடையும் போகும். கண் படகின் மேல் இருக்கட்டும். இன்னொன்று, பயத்தில் எடை முழுவதையும் பின்காலில் போடுவது. பலகையின் வால் அமிழ்ந்து, மூக்கு அங்குமிங்கும் அலையும், தொடை எரியும். எடையில் பாதிக்குச் சற்று மேல் முன்காலில் இருந்தால் பலகை நேராகப் போகும்.

பலகையின் முன் ஓரம், அதாவது நீங்கள் போகிற திசையைப் பார்க்கும் ஓரம், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் அறைந்த மாதிரி விழுவீர்கள். கன்னமோ காதோ பக்கவாட்டில் தண்ணீரில் மோதினால் செவிப்பறை கிழியக்கூட வாய்ப்பு உண்டு. அப்படி விழுந்த பிறகு காது வலித்தாலோ மந்தமானாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் நாளே படகின் அலையைத் தாண்டப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள். இரண்டு பக்க அலைகளுக்கும் நடுவில் இருக்கும் சமதளம் முதல் சில நாட்களுக்குத் தாராளமாகப் போதும்.

படகை ஓட்டுகிறவர் செய்யும் தவறுகளும் உண்டு, பழி மட்டும் விழுகிறவர் மேல் வரும். வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால் யாராலும் பிடித்திருக்க முடியாது. மெதுவாக, சீராக ஏற்றி, மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டருக்குள் வைத்தால் புதியவருக்குச் சரியாக இருக்கும். கயிறும் முக்கியம். நன்றாகப் பழகியவர்கள் 20 மீட்டருக்கு மேல் விடுவார்கள். உங்களுக்கு 10 முதல் 15 மீட்டர் போதும். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும், எழுவது எளிது. ஓட்டுநரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படகு இல்லாமல் கேபிளிலும் கற்கலாம். ஜெர்மானியப் பொறியாளர் புரூனோ ரிக்ஸன் உருவாக்கிய முறை அது. கோபுரங்களுக்கு இடையே ஓடும் கம்பி நம்மை இழுக்கும். இதில் தவறு, முதல் நாளே பெரிய சுற்றுக் கேபிளுக்குப் போவது. அது யாருக்காகவும் நிற்காது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே நேராகப் போய்வரும் சின்ன கேபிளில் இயக்குபவர் உங்களைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குவார், விழுந்தால் கைப்பிடி உங்களிடமே திரும்பி வரும். பெரிய கேபிளில் விழுந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே மிதக்க வேண்டாம். பின்னால் ஆள் வருவார், உடனே கரைப்பக்கம் நீந்துங்கள்.

பலகையை முதல் மாதமே வாங்காதீர்கள். வகுப்பில் கொடுப்பதை வைத்துப் பழகுங்கள், பெரிய பலகையாகவே கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அடி தாங்குவதற்காக மட்டும் செய்த மெல்லிய ஜாக்கெட், மயங்கிய ஆளை மிதக்கவைக்கும் என்று நம்ப முடியாது. போட்டபின் தோள்பட்டையில் யாரையாவது மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. கேபிளில் ஹெல்மெட் கட்டாயம் வேண்டும்.

இனி நான் சொல்வதில் சலுகை கிடையாது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் கைப்பிடியை விட்டுவிடுங்கள். கயிறு இரண்டாகப் பிரிந்து கைப்பிடியோடு சேரும் முக்கோணத்துக்குள் கையையோ காலையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள், கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். படகில் ஓட்டுநரைத் தவிர, உங்களையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். விழுந்தபின் கையை உயர்த்திக் காட்டுங்கள். நீங்கள் நன்றாக இருப்பதும் அவர்களுக்குத் தெரியும், மற்ற படகுகளும் உங்களைக் கவனிக்கும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. இதைக் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். இன்ஜின் முழுவதும் அணைந்த பிறகுதான் படகின் பின்பக்க ஏணிக்கு வர வேண்டும். நியூட்ரலில் இருப்பது போதாது. இன்ஜின் ஓடும்போது பின்தட்டில் உட்கார்ந்து பேசுவதும் ஆபத்து, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

சிங்கப்பூரில் மதியத்துக்குமேல் இடி மின்னல் எப்போது வேண்டுமானாலும் வரும், அதிகாலை வகுப்பு நல்லது. காற்று கிளம்பாத அந்த நேரத்தில் தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கும். இலங்கையில் பெந்தோட்டை ஆற்றில் கற்றுக்கொள்ளப் போகிறவர்களும் காலை நேரத்தையே கேளுங்கள்.

ஒரு முறைக்கு 15 நிமிடம் போதும். இறங்கி, தண்ணீர் குடித்து, கை தளர்ந்தபின் மறுபடி போகலாம். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று போய்த்தான் நான் ஒருமுறை முழங்காலைத் திருகிக்கொண்டேன். ஆறு வாரம் தண்ணீர்ப் பக்கம் போக முடியவில்லை.

மறுநாள் காலையில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். முன்கை பிடித்துக்கொண்டிருந்தால் கயிற்றை இழுத்திருக்கிறீர்கள். பின்கால் தொடை மட்டும் வலித்தால் எடை பின்னால் இருந்திருக்கிறது. கழுத்து வலித்தால் குனிந்து பலகையைப் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த வகுப்பில் படகு கிளம்புவதற்கு முன், பயிற்சியாளரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.