நாலு கேமரா, ஒரு செக்கர்போர்டு, மூணு நாள் தலைவலி

நாலு கேமராவும் எங்க, எந்த கோணத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க (கேலிபரேஷன்), செக்கர்போர்டை, அதாவது கறுப்பு-வெள்ளை கட்டம் போட்ட போர்டை, கேமராக்கள் முன்னாடி ஆட்டி வீடியோ எடுத்தேன். நாலையும் சேத்து கணக்கு போட்டு சால்வ் பண்ணா மூணாவது கேமராவுல மட்டும் எரர் (போர்டு எங்க தெரியணும்னு கணக்கு சொல்லுதோ அதுக்கும், படத்துல நிஜமா தெரியற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 3 பிக்சலுக்கு கீழ இறங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. லென்ஸ் மேலதான் சந்தேகம், டிஸ்டார்ஷன் மாடலை (லென்ஸ் படத்தை எப்படி வளைக்குதுன்னு சொல்ற ஃபார்முலா) மாத்தி மாத்தி போட்டு பாத்தேன், ம்ஹூம். அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி பாத்தா போர்டு அசையாம இருக்கற இடத்துல எல்லாம் கரெக்டா உக்காருது, ஆட்டுனா மட்டும்தான் விலகுது, அப்பதான் பொறி தட்டுச்சு, கோளாறு லென்ஸ்ல இல்ல, சிங்க்ல, அதாவது நாலு வீடியோவும் நேரத்துல ஒண்ணா பொருந்தறதுல. 25 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 25 ஃப்ரேம்) ஒரு ஃப்ரேம் தள்ளிப்போனா 40 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 1 மீட்டர் வேகத்துல போற கை அதுக்குள்ள 4 சென்டிமீட்டர் நகந்துடும்! எல்லா வீடியோவுலயும் கிளாப் அடிக்கற இடத்தை அடையாளமா வச்சு மூணாவது கேமரா வீடியோவை ஒரு ஃப்ரேம் நகத்துனேன், போர்டை ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு செகண்ட் ஆடாம பிடிச்சு மறுபடி எடுத்தேன், எரர் 0.4 பிக்சலுக்கு வந்துடுச்சு. ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன் ரெண்டையும் முதல்லயே ஆஃப் பண்ணிடுங்க, அதுலயே எனக்கு ஒரு நாள் போச்சு.