பகலில் மாட்டிய கேமரா: வெளிப்புற வைஃபை கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக வாசலுக்கு ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டியபோது, ஏணியில் நின்றபடியே கைபேசியில் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். கேட், படிக்கட்டு, தெருவில் போகிற ஆள் என எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சில வாரம் கழித்து ஓர் இரவில் சைக்கிள் காணாமல் போனது. பதிவை ஓட்டிப் பார்த்தால், திரையின் இடது பக்கம் வாசல் தூண் டியூப்லைட் மாதிரி வெள்ளையாக எரிகிறது. மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு தொப்பியின் மேல்பக்கம் வருகிறது, சைக்கிளோடு போகிறது. முகம் ஒரு ஃபிரேமில்கூட இல்லை.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. மாட்டியவன் பகலில் மாட்டினான், பகலில் பார்த்தான், பகலிலேயே திருப்தியடைந்துவிட்டான். பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் மாட்டிக்கொடுக்கப் போனபோதும் இதையேதான் பார்த்தேன். கேமரா வேலை செய்ய வேண்டிய நேரம் ஒன்றாக இருக்கிறது, நாம் அதைச் சோதித்துப் பார்க்கும் நேரம் வேறாக இருக்கிறது. இருட்டு, மழை, மின்தடை, நாம் ஊரில் இல்லாத நாள், இவற்றை மனத்தில் வைத்து மாட்டினாலே பாதித் தவறுகள் நடக்காது.

வாங்கும்போதே நடக்கும் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஒயர்லெஸ்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் படம் வைஃபையில் போகும் என்றுதான் அர்த்தம். மின்சாரத்துக்கு ஒயர் தேவைப்படலாம். ஒயரே இல்லாத பேட்டரி கேமரா வேறு வகை. அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கும், அசைவு தெரிந்தால் விழித்துப் பதிவு செய்யும். விழிப்பதற்குள் ஓரிரு வினாடி போய்விடும். 24 மணி நேரமும் இடைவிடாமல் பதிவாக வேண்டுமென்றால் பிளக்கில் செருகும் வகைதான் சரி. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு, ‘ஆள் பாதி தூரம் வந்த பிறகுதான் வீடியோ ஆரம்பிக்கிறது’ என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

மொட்டை மாடியிலிருந்து முகம் தெரியாது

உயரத்தில் வைத்தால் யாரும் கை வைக்க முடியாது, தெரு முழுக்கத் தெரியும் என்று முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டுகிறார்கள். தெரு தெரியும்தான். ஆனால் வருகிறவர்களின் உச்சந்தலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர், அதிகம் போனால் மூன்று மீட்டர் போதும். கை எட்டாது, முகமும் தப்பாது. கேமராவையே கழற்றிப் போய்விடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்குத் திருகு தெரியாத தாங்கியையோ, ஒரு கேமராவை இன்னொன்று பார்க்கும்படியான அமைப்பையோ யோசிக்கலாம்.

தூர விஷயத்தில் ஏமாறுவது இன்னும் அதிகம். அகலமான லென்ஸ் நல்லது என்று நினைக்கிறோம். 2014இல் வெளியான ஐஇசி 62676-4 என்ற கண்காணிப்புக் கேமராத் தரநிலையில் ஒரு கணக்கு உண்டு. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை ‘இவர்தான்’ என்று சொல்ல 125. அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று மட்டும் அறிய 25.

இப்போது உங்கள் கேமராவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். 110 டிகிரி லென்ஸில் காட்சி அவ்வளவு அகலமாக விரிய, கேமராவிலிருந்து சுமார் 2.7 மீட்டர் போனாலே போதும். அதாவது, அந்நியர் ஒருவரின் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் மூன்று மீட்டருக்குள் வந்திருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் ஐந்தரை மீட்டர் வரை. அதற்கு அப்பால் ‘யாரோ போகிறார்கள்’ அளவுதான். இதுவும் நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் சுத்தமாக இருக்கும்போது. 4கே கேமராவில் இந்தத் தூரங்கள் இரட்டிப்பாகும், அவ்வளவே. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பிடிக்கப் பார்க்காமல், ஆள் கட்டாயம் கடந்துபோக வேண்டிய இடத்தைப் பிடியுங்கள். கேட்டின் தாழ்ப்பாள், படிக்கட்டின் கடைசிப் படி, கதவு என்று அப்படி ஓர் இடம் எல்லா வீட்டிலும் இருக்கும்.

பேட்டரி கேமராவில் கோணமும் முக்கியம். அதிலுள்ள பிஐஆர் சென்சார் படத்தைப் பார்ப்பதில்லை, வெப்பம் இடம் மாறுவதைப் பார்க்கிறது. பார்வைக்குக் குறுக்கே நடக்கிறவரைச் சட்டென்று கண்டுபிடிக்கும். நேராகக் கேமராவை நோக்கி வருகிறவர் அதற்கு வெகுநேரம் அசையாமல் நிற்கிற மாதிரிதான். நடைபாதையின் கோடியில் நேர் எதிராக மாட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் மாட்டினால், அதே கேமரா ஒரு படி முன்னதாகவே விழித்துக்கொள்ளும். கடும் கோடையில் சுற்றுப்புறமே உடல் சூட்டை நெருங்கும்போது இந்த சென்சார் மந்தமாகிவிடும். அதற்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை. ஏசியின் வெளி யூனிட், வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் கிளை, இவை எதிரே இருந்தால் நாள் முழுக்க வெற்று அலாரம்தான்.

சூரியன் உதிக்கும் திசையையும் மறையும் திசையையும் நேராகப் பார்க்க வைக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் எல்லோரும் கறுப்பு நிழலாக மட்டும் வந்துபோவார்கள்.

இருட்டிய பிறகு ஏணியை எடுங்கள்

என் வாசல் தூணுக்கு வருகிறேன். இரவில் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்கிறது. நம் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, கேமராவுக்கு அது டார்ச் அடித்த மாதிரி. பக்கத்திலேயே ஒரு தூண், சன்ஷேடின் அடிப்பாகம், வெள்ளைச் சுவர் என்று ஏதாவது இருந்தால் வெளிச்சத்தின் பெரும்பகுதி அதில் பட்டுத் திரும்பிவிடும். ‘ஏகப்பட்ட வெளிச்சம் இருக்கிறதே’ என்று கேமரா தன் பார்வையைக் குறைத்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பதெல்லாம் இருளில் மூழ்கிவிடும். பகலில் அந்தத் தூண் வெறும் தூண்தான், சந்தேகமே வராது. கேமராவை இரண்டு சாண் தள்ளி மாட்டினேன், தூண் படத்திலிருந்து வெளியேறியது, கேட் வரை தெரிய ஆரம்பித்தது. செலவு, சுவரில் இரண்டு புதுத் துளை.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க வைப்பதும் இதே கதை. அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரவில் கேமரா தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிஐஆர் சென்சாருக்கோ கண்ணாடி ஒரு சுவர், வெளியே யார் நடந்தாலும் தெரியாது.

அப்புறம் சிலந்தி. இரவில் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை வரும். காற்றில் ஆடும் ஓர் இழை, அகச்சிவப்பு வெளிச்சத்தில் கயிறு மாதிரி மின்னும். நள்ளிரவில் ‘அசைவு கண்டறியப்பட்டது’ என்று பத்துப் பதினைந்து நோட்டிஃபிகேஷன் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இதுதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நோட்டிஃபிகேஷனையே அணைத்துவிடுகிறோம். உண்மையான இழப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒட்டடைக் கம்பால் மாதம் ஒருமுறை கேமராவைச் சுற்றித் துடைத்தால் போதும். லென்ஸ்மேல் மட்டும் அந்தக் கம்பு படக்கூடாது. வாசலில் ஒரு தனி விளக்கு இரவெல்லாம் எரிந்தால் இன்னும் நல்லது. கேமராவின் சொந்த விளக்கை அணைத்து வைக்கலாம், படமும் வண்ணத்தில் வரும்.

துளை போடும் முன் வைஃபை

மாட்ட நினைக்கும் இடத்தில் கேமராவைக் கையில் பிடித்தபடி, வீட்டுக் கதவுகளை எல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் நேரலை பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது வந்த சிக்னல், இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் மூடிய கதவும் குறுக்கே வந்தால் வராது. பல ஆப்களில் சிக்னல் எண்ணாகவே தெரியும். மைனஸ் 50, 60 என்றால் நிம்மதி. மைனஸ் 70ஐத் தாண்டினால் இப்போது ஓடினாலும் ஒரு நாள் காலை வாரும்.

கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இணைபவை. அது குறையில்லை, சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போவது அதுதான். கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க, கேமரா இணையவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ரூட்டரில் வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கேமராக்கள் சேராது. இன்டர்நெட் வேகத்தைப் பார்க்கும்போது டவுன்லோடைப் பார்க்காதீர்கள். படம் வெளியே போவது அப்லோடில்.

அதிகம் மறக்கப்படுவது ரூட்டருக்கான மின்சாரம். கேமராவில் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனாலும் ஓடும் என்று நம்பிக்கொண்டிருப்போம். கேமரா ஓடும், ரூட்டர் அணைந்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் வராது. ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டு, இரண்டும் வேண்டும்.

மழை, வெயில், பேட்டரி

பெட்டியில் ஐபி65 என்று போட்டிருந்தால் தூசு புகாது, பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இந்த உறுதி எல்லாம் சார்ஜிங் துளையின் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கும்வரைதான். சார்ஜ் போட்டுவிட்டு மூடியை அரைகுறையாக அழுத்தி மாட்டிய கேமராக்களில்தான் மழைக்குப் பிறகு லென்ஸுக்கு உள்ளே பனி பூத்திருக்கும். ஒயர் வருகிற கேமராவில், ஒயரை நேராகச் சுவர்த் துளைக்குள் விடாமல், நுழையும் முன் கீழே ஒரு தொய்வு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ஒயர் வழியாக உள்ளே நடந்து போகாது. அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும். கேமராவுக்குள்ள பாதுகாப்பு அதற்குப் பெரும்பாலும் கிடையாது.

‘ஆறு மாதம் பேட்டரி நிற்கும்’ என்ற கணக்கு ஒரு நாளைக்குச் சில பதிவுகளே நடக்கும் என்று வைத்துப் போட்டது. தெருவைப் பார்க்க வைத்து, உணர்திறனையும் முழுதாக ஏற்றினால் வண்டிக்கு ஒரு பதிவு, சில வாரத்தில் பேட்டரி காலி. அசைவு எல்லையை உங்கள் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெடும், நாள் முழுக்க வெயிலில் வெந்தால் ஆயுள் குறையும். சோலார் பேனல் வைத்தவர்கள் கேமரா நிழலில், பேனல் வெயிலில் என்று தனித்தனியாக மாட்டுவது உத்தமம். பேனலின் ஒரு மூலையில் விழும் கிளை நிழல்கூட மின்சாரத்தை வெகுவாகக் குறைக்கும். மேலே படிந்த தூசியும் அப்படித்தான்.

திறந்து கிடக்கும் பூட்டு

2016இல் மிராய் என்ற தீநிரல், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரூட்டர்களைத் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகளின் படை இணையதளப் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டப்படி தடுத்துவிட்டது. பழைய கேமராக்கள் இன்னும் சுவர்களில்தான் இருக்கின்றன.

வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட், முடிந்தால் கேமராவுக்கென்று ரூட்டரில் தனி கெஸ்ட் வைஃபை. வெளியிலிருந்து பார்க்க வசதி என்று, இணையத்திலிருந்து நேராகக் கேமராவுக்கு வர ரூட்டரில் வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் திறந்துவிடச் சொன்னால் செய்யாதீர்கள். குடும்பத்தில் எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவதும் வேண்டாம். ஒவ்வொருவரையும் தனியாகச் சேர்க்கும் வசதி ஆப்பில் இருக்கும்.

எதிர்வீட்டு ஜன்னல் உங்கள் படத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். செக் குடியரசில் ஒருவர், வீட்டு ஜன்னலை யாரோ உடைத்ததால் கேமரா வைத்தார். அதில் பொதுப் பாதையும் எதிர்வீட்டு வாசலும் பதிவாயின. அது வெறும் சொந்த வீட்டு விவகாரம் ஆகாது, தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 11இல் சொன்னது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு எங்கும் ஒன்றுதான். ஆப்பில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு.

மாட்டிய பிறகு

லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் தூசியை ஊதிவிட்டு, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். வாங்கும்போது ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே ஒரு வருடம் ‘படம் மங்கல்’ என்று குறைபட்ட வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

மெமரி கார்டு சாதாரண வகையாக இருந்தால், திரும்பத் திரும்ப அழித்து எழுதுவதில் சத்தமில்லாமல் செத்துப்போகும். நேரலை வந்துகொண்டே இருப்பதால் கார்டு போனது தெரியாது. கண்காணிப்புக்கென்றே விற்கும் ஹை எண்டியூரன்ஸ் கார்டை வாங்கி, கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, இருட்டிய பின் வாசலில் ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வந்து, அந்தப் பதிவைத் தேடிக் கைபேசியில் இறக்கிப் பாருங்கள். முகம் தெரிகிறதா, மூலையில் உள்ள தேதியும் நேரமும் சரியா என்று பார்க்க வேண்டும். நேரம் தவறான பதிவைப் போலீஸிடம் கொடுத்தால் விளக்கிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

கேமரா பழசாகி யாருக்காவது கொடுக்கும்போது, உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். மெமரி கார்டை மறக்காமல் உருவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கிறது.