வெண்பனிக்குள் நிறம் தேடுதல்: புதிதாகப் படம் பிடிப்போருக்கான செய்முறை விளக்கம்

ரொறன்ரோவில் நான் கழித்த முதல் குளிர்காலத்தின் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால், எல்லாமே பழைய சிமெந்துத் தரையில் எடுத்தவை போலத் தெரிகின்றன. வானம் சாம்பல், மரம் சாம்பல், கண்ணைக் கூசவைத்த வெண்பனியும் சாம்பல். இந்த ஊரில் வசந்தம் வரும்வரை நிறமே கிடையாது என்று அப்போது நான் முடிவுகட்டியிருந்தேன். அந்த முடிவுக்குப் பின்னால் இரண்டு தவறுகள் இருந்தன. நிறம் இருக்கும் இடங்களை நான் தேடிப் போகவில்லை என்பது ஒன்று. தற்செயலாகக் கண்ணில் பட்டதையும் கமெரா தன் கணக்குப்படி மங்கலாக்கியபோது அதைத் தடுக்கத் தெரியாமல் இருந்தது மற்றொன்று. இரண்டாவது தவறைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். முதலாவதைத் திருத்தத்தான் கால் நோக நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளக்கத்தைப் பின்பற்ற விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள எந்தக் கமெராவும், ஏன் கைத்தொலைபேசியும்கூடப் போதுமானது.

1. கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடக்கவும்

முதல் இருபது நிமிடம் படம் எடுக்க வேண்டாம். பனி மூடிய நிலத்தில் இறங்கியவுடன் கண்ணுக்கு வெள்ளை மட்டுமே தெரியும். சற்று நேரம் சென்ற பிறகுதான் சிறு சிறு நிறங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படத் தொடங்கும். எங்கே தேடுவது என்பது தெரிந்திருந்தால் இந்தக் காத்திருப்பு குறையும்.

ரொறன்ரோ அமைந்த தென் ஒன்ராறியோவில் நான் முதலில் தேடுவது ரெட் ஓசியர் டாக்வுட் என்ற புதரை. ஈரநிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் வளரும் இது, கோடையில் பச்சைக் கூட்டத்தில் ஒன்றாக நின்றுவிடும். இலை உதிர்ந்து குளிர் இறுகியதும் இதன் தண்டுகள் குங்குமச் சிவப்பாக மாறும். இளந்தண்டுகளே நன்றாகச் சிவக்கும். முதிர்ந்தவை மங்கிப் பழுப்பேறும் என்பதால், புதரின் நுனிப் பக்கத்தையே கவனிக்க வேண்டும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் நீரோரமாக நடந்தால் இதைக் காணாமல் திரும்புவது கடினம்.

அடுத்தது ஸ்டாக்ஹார்ன் சூமாக். நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் ரயில்பாதை ஓரங்களிலும் கவனிப்பாரற்று வளரும் இந்தச் சிறு மரம் நம் மாவும் முந்திரியும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது எனக்கு அதன்மீது தனிப் பிரியம் வந்துவிட்டது. கிளை நுனிகளில் தீப்பந்தம் போல நிமிர்ந்து நிற்கும் கருஞ்சிவப்புக் காய்க்கொத்துகள் குளிர்காலம் முழுவதும் உதிராமல் இருக்கும். பனி பெய்த மறுநாள் காலை ஒவ்வொரு கொத்தும் ஒரு வெள்ளைத் தொப்பி அணிந்திருக்கும். காற்று அடித்ததும் அந்தத் தொப்பி போய்விடும் என்பதால் அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

இலையுதிர்ந்த வெறுங்கிளையில் சிவப்பு மணிகளைக் கோத்தது போல நிற்கும் விண்டர்பெர்ரி, காய்ந்த இலைகளை வசந்தம்வரை விடாமல் பிடித்துக்கொண்டு வெளிர்ச் செம்பு நிறத்தில் சலசலக்கும் இளம் பீச் (beech) மரங்கள் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பறவைகளில் கார்டினலுக்கு நிகர் எதுவும் இல்லை. அது தெற்கே வலசை போவதில்லை. கடும் பனியிலும் இங்கேயே தங்கிவிடும். ஆண் பறவை முழுச் சிவப்பு. பெண் பறவை வெளிர்ப் பழுப்பு உடலும் கொண்டையிலும் சிறகிலும் வாலிலும் மட்டும் சிவப்புச் சாயலும் கொண்டது; படத்தில் பெண் பறவையே நளினமாக இருக்கிறது என்பது என் எண்ணம். வைகறையிலும் அந்தி சாயும் நேரத்திலும் இரை தேட வருவது இவற்றின் வழக்கம். வீட்டுக் கொல்லையில் சூரியகாந்தி விதை வைத்திருப்பவர்கள் குளிரில் நடக்காமல், யன்னலோரம் உட்கார்ந்தே காத்திருக்கலாம்.

காட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் வருந்தத் தேவையில்லை. தெருவில் தண்டவாளத்தில் ஓடும் சிவப்பு ஸ்ட்ரீட்கார்கள், கென்சிங்ரன் சந்தையின் நிறம் பூசிய பழைய வீடுகள், வுட்பைன் கடற்கரையில் உயிர்காப்பாளர் மேடைகளைச் சுற்றி 2015 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் பெப்ரவரியில் அமைக்கப்படும் கலைக்கூடாரங்கள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இங்கே எல்லோரும் கடற்கரை என்று சொல்வது ஒன்ராறியோ ஏரியின் கரையைத்தான்.

2. எந்த வெளிச்சத்தில் போவது என்று முடிவு செய்யவும்

டிசம்பர் 21 ஆம் நாள் நண்பகலில் ரொறன்ரோவின் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரத்திலேயே நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் அது 57 பாகையைத் தொடும். ஊரில் மாலை நான்கு மணிக்குக் காணும் சாய்ந்த வெயில் இங்கே நடுப்பகலிலேயே கிடைக்கிறது என்று இதற்குப் பொருள். வெயில் நாளில் நிழல்கள் நீளமாகவும் நீலமாகவும் விழும். நிழலுக்குள் நேர் வெயில் வராது, நீல வானத்தின் ஒளி மட்டுமே வரும் என்பதால் அந்த நீலம் உண்மையானது. அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். சிவந்த தண்டு ஒன்று அந்த நீல நிழலின் மேல் குறுக்காக நிற்குமானால், படத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

ஆயினும் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூட்டமான நாளையே. மேகம் ஒளியை எல்லாப் பக்கமும் பரப்பிவிடுவதால் பழத்தின் மேலும் இலையின் மேலும் கூசும் வெளிச்சம் விழாது. உள்ளிருக்கும் நிறம் அப்படியே வெளிப்படும். வானமும் பனியும் ஒரே வெள்ளையாகிவிடுவது மட்டுமே குறை. வானத்தைப் படத்தின் சட்டத்துக்குள் விடாமல் எடுத்தால் அதுவும் தீர்ந்தது.

சூரியன் மறைந்த பின்னரும் உடனே வீடு திரும்பிவிடக் கூடாது. ஒளி குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு கறுப்பாகவும் நீலம் தெளிவாகவும் தெரியத் தொடங்கும் என்பதை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியலாளர் புர்க்கினியே கவனித்து எழுதினார். இந்த மாற்றம் நம் கண்ணின் அமைப்பால் நிகழ்வது. கமெராவுக்கு இது கிடையாது. அந்தியில் கருநிழலாகத் தெரியும் கார்டினலை நிதானமான ஷட்டர் வேகத்தில், அதாவது கமெரா ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் கூட்டி, எடுத்துப் பாருங்கள், திரையில் அது சிவப்பாகவே இருக்கும். ஆகவே அந்த நேரத்தில் கண்ணை நம்பிக் கமெராவை உறையில் போட்டுவிட வேண்டாம்.

3. வெள்ளையை முதலில் வெள்ளையாக்கவும்

இந்தச் செய்முறை முழுவதிலும் மிக முக்கியமான படி இதுதான். புதிதாக விழுந்த பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கமெராவின் ஒளிமானியோ, தனக்கு முன்னால் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவே ஒளிர்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் அளவு 18 விழுக்காடு. பனி நிறைந்த காட்சியைக் கண்டதும் வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டது என்று நினைத்து அது படத்தை இருளாக்கிவிடுகிறது. பனி சாம்பலாகும்போது அதனருகே உள்ள சிவப்பும் சேறு படிந்தது போலாகிவிடும். நிறத்தைக் கூட்ட வேண்டும் என்று பலர் திண்டாடுவது இதனால்தான். உண்மையில் கூட்ட வேண்டியது வெளிச்சத்தை.

கமெராவில் கூட்டல், கழித்தல் குறியிட்ட எக்ஸ்போஷர் கம்பென்சேஷன் பொத்தான் இருக்கும். அதைக் கூட்டல் 1 இல் வைத்து ஒரு படம் எடுக்கவும். பின்னர், படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் மேடுகளாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத் திறந்து பார்க்கவும். பனிக்குரிய மேடு வலப்பக்கச் சுவரை நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் அதில் மோதக் கூடாது. இன்னும் நடுவிலேயே நின்றால் 1.3, 1.7 என்று படிப்படியாக உயர்த்தவும். வெயிலில் சட்டம் முழுவதும் பனியாக இருந்தால் 2 வரை செல்ல நேரும். பாதிச் சட்டத்தைக் கரும்பச்சை ஊசியிலை மரங்கள் அடைத்திருந்தால் 0.7 போதுமானது. கைத்தொலைபேசியில் பனியின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான கருவிகளில் அருகே தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும்.

ஒளியின் நிறச் சாயலுக்கு ஏற்ப வெள்ளையைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெயில் நாளில் சூரியக் குறியிலும் மூட்டமான நாளில் மேகக் குறியிலும் வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். கமெரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுப்பவர்கள் இதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பனியின் நீலம் முழுவதையும் துடைத்தெடுத்துவிட்டால் படத்தில் குளிரே இராது.

4. நிறத்தைச் சிறிதாகவே வைக்கவும்

சிவப்பைக் கண்டவுடன் நெருங்கிச் சென்று சட்டம் முழுவதையும் அதனால் நிரப்பத் தோன்றும். அப்படி எடுத்தால் அது பழத்தின் படமாக இருக்குமே தவிரக் குளிர்காலத்தின் படமாக இராது. பத்தடி பின்னால் நகர்ந்து, சட்டத்தின் மிகப் பெரும் பகுதியை வெள்ளைக்கே விட்டுவிட்டு, நிறத்தை ஒரு மூலையில் வைத்துப் பார்க்கவும். எண்ணிப் பார்த்தால் கோலத்தில் செம்மண் இடுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: வெள்ளையே கோலம், காவி அதற்கு ஓரம்.

பின்னணியும் நிறத்தை மாற்றும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த முறைப்பாட்டை ஆராய்ந்தபோது, சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் வைத்த நிறமே கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டு அதை விரிவாக 1839 இல் நூலாக வெளியிட்டார். சேலைக் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வாடாமல்லிச் சேலையைப் பச்சைச் சேலையின் மேல் விரிப்பதா, மஞ்சளின் மேல் விரிப்பதா என்று கடைக்காரர் நன்றாக அறிவார். அதே விண்டர்பெர்ரிக் கிளை வெறும் பனியின் முன்னால் அடர்ந்து கறுத்தும், ஹெம்லாக் மரத்தின் இருண்ட பச்சைக்கு முன்னால் விளக்கேற்றியது போலவும் தெரியும். முழங்காலில் உட்கார்ந்தோ இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தோ பின்னணியை மாற்றி, இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கே கால் வைக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல காட்சியை நோக்கி நேராக நடந்தால் நம் காலடித் தடமே படத்தைக் கெடுத்துவிடும். ஓரமாகச் சுற்றிச் செல்லவும்.

5. மனிதர்களை எடுக்கும்போது

ஜனவரி நடுவில் பொங்கல் வரும். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளையை வாசல் பனியில் நிறுத்திப் படம் எடுக்காத தமிழ் வீடு குறைவு. அந்தப் படங்களில் முகம் கறுத்துப் போவதற்குக் காரணம் மூன்றாம் படியில் சொன்ன அதே கணக்குத்தான், திருத்தமும் அதேதான். வெளிச்சத்தைக் கூட்டினால் பனியே ஒரு பெரிய பிரதிபலிப்புத் தகடாகிக் கீழிருந்து முகத்தை ஒளியூட்டுவதைக் காணலாம். குளிரங்கி இல்லாத பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பொத்தான்களைத் தேடக் கூடாது. குளிரங்கி அணிந்த பெரியவர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தி எல்லா அளவுகளையும் முன்பே சரிசெய்துகொண்டு, பிள்ளையை இரண்டு நிமிடம் மட்டும் வெளியே அழைத்து வரவும்.

6. பனி பெய்துகொண்டிருக்கும்போது

விழும் பனித்துகள்கள் புள்ளிகளாகத் தெரிய வேண்டுமானால் ஷட்டர் வேகம் நொடியில் 1/500 அளவிலும், கோடுகளாகத் தெரிய வேண்டுமானால் 1/60 அல்லது 1/30 அளவிலும் இருக்கட்டும். தானியங்கிக் குவியம் (ஆட்டோஃபோகஸ்) முன்னால் விழும் துகளைப் பிடித்துக்கொண்டு அலையும் என்பதால், ஒற்றைக் குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் காட்சியில் துலக்கமான விளிம்பொன்றின் மேல் வைக்கவும். சிவப்பு ஸ்ட்ரீட்கார் ஒன்று பனித்திரைக்குள்ளிருந்து மெல்ல வெளிவருவதை எடுக்க இதைவிட நல்ல தருணம் இல்லை.

7. கருவியைக் காப்பாற்றவும்

குளிரில் லித்தியம் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருந்து, சோர்ந்ததை அங்கே வைத்துச் சூடேற்றினால் மீண்டும் சற்று நேரம் உழைக்கும். வீட்டுக்குள் நுழையும் முன் கமெராவைக் காற்றுப் புகாத நெகிழிப் பையில் இட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஒருமுறை நான் அவசரப்பட்டுத் திறந்து, லென்ஸுக்குள் படிந்த நீராவி கலைய அரை நாள் காத்திருந்தேன்.

8. கணினியில் மிகக் குறைவாகத் திருத்தவும்

பனியைச் சரியாக எடுத்திருந்தால் இங்கே வேலை அதிகம் இராது. முதலில் வெள்ளைப் புள்ளியை, அதாவது படத்தில் எது முழு வெள்ளை என்ற அளவை, சரிசெய்து பனியைத் தூய்மையாக்கவும். அதன் பிறகும் நிறம் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் நிறச் செறிவை (சாச்சுரேஷன்) தொடவும். செறிவைக் கூட்டும்போது முதலில் பாழாவது சிவப்புத்தான்: உருண்டையாக இருந்த பழம் தட்டையான மையொற்றாகிவிடும். படத்தை நூறு விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கி ஒரு பழத்தை மட்டும் பார்த்துக்கொண்டே செறிவைக் குறைத்து வரவும். உருட்சியும் மேற்புறத்துச் சிறு ஒளிப்புள்ளியும் மீண்டும் தெரியும் இடத்தில் நிறுத்திவிடவும்.