உங்கள் ஊர்ச் சுயமரியாதைச் சங்கத்தின் வரலாற்றை எழுத: முதலில் தேதியைப் பிடியுங்கள்

ஊர்க் கிளையின் பழைய துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தால், அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று படிப்பதற்கு முன் எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு வளைந்த பழைய வடிவில் இருக்கின்றனவா? ணா, றா, னா சுழித்த வடிவில் இருக்கின்றனவா? பெரியாரின் 'குடி அரசு' இதழ் சீர்திருத்த எழுத்துக்கு மாறியது 1935 தொடக்கத்தில். ஆகவே தேதியில்லாத தாளில் புது எழுத்து இருந்தால், அதை 1920களில் அச்சிட்டதாகக் கொள்ள முடியாது. இதைத் தலைகீழாக்கி வாதிடக் கூடாது: 1978இல் அரசு ஆணை வரும்வரை பல அச்சகங்கள் பழைய எழுத்தையே வைத்திருந்தன. புது எழுத்தில் வந்த மறுபதிப்பைப் பார்த்துவிட்டு, மூல வெளியீடே பிந்தியது என்று முடிவு கட்டுவது இன்னொரு சறுக்கல்.

அடுத்து வருஷப் பெயர். அழைப்பிதழிலும் நிகழ்ச்சிக் குறிப்பிலும் ஆங்கிலத் தேதி இல்லாமல் 'விபவ வருஷம் மாசி மாதம்' என்று மட்டும் இருக்கலாம். இந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: குரோதன 1925-26, அட்சய 1926-27, பிரபவ 1927-28, விபவ 1928-29, சுக்கில 1929-30, பிரமோதூத 1930-31. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படித்தான். விபவ மாசி என்றால் 1929 பிப்ரவரி-மார்ச். செங்கற்பட்டில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரி 17, 18இல் நடந்தது. விபவ என்றதும் 1928 என்று போட்டால் மாநாடே ஓராண்டு முன்னால் போய்விடும்.

'குடி அரசு' வார இதழ். 1925 மே 2இல் ஈரோட்டில் தொடங்கியது. பெரும்பாலும் ஞாயிறுதோறும் வந்தது. ஆகவே இதழின் தேதியைக் கூட்டத்தின் தேதியாக எழுதிவிடாதீர்கள். செய்திக்குள் 'சென்ற வாரம்', 'இம்மாதம்' என்று இருப்பதைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 1933 நவம்பருக்குப் பின் அடுக்கில் 'குடி அரசு' திடீரென நின்றுபோகும். இதழ் தொலைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அரசு நடவடிக்கையால் பெயர் மாறி 'புரட்சி' வந்தது, 1934இல் 'பகுத்தறிவு' வந்தது, 1935 ஜனவரியில் மறுபடி 'குடி அரசு'. மூன்றையும் ஒரே தொடராகப் படியுங்கள். 1934இல் கிளை தூங்கிவிட்டது என்று எழுதுவதற்கு முன் இந்த இரண்டு பெயர்களிலும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஆட்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தது. அதற்கு முன்பே, 1927 இறுதியில், பெரியார் தம் பெயரிலிருந்த 'நாயக்கர்' பட்டத்தை விட்டுவிட்டார். உங்கள் ஊர்ச் செயலாளரும் 1928இல் பட்டத்தோடும் 1930இல் பட்டமில்லாமலும் வந்திருக்கலாம். ஒருவரையே இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள். தலைப்பெழுத்து, தொழில், தெரு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் இணையுங்கள்.

கணக்கு நோட்டு கிடைத்தால் அது புதையல்தான், ஆனால் 3-8-0 என்பதை 3.80 என்று படித்தால் எல்லாம் பாழ். அது 3 ரூபாய் 8 அணா. இன்றைய கணக்கில் 3.50. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. வலமிருந்து கூட்டுங்கள். 3-8-6உடன் 2-10-9: பை 15, அதாவது 1 அணா 3 பை; அணா 8+10+1=19, அதாவது 1 ரூபாய் 3 அணா; மொத்தம் 6-3-3. நோட்டின் அடியில் எழுதிய கூட்டுத்தொகையை அப்படியே நம்பாமல் நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

எதிர்த்தரப்பான அன்றைய அரசின் ஆவணம் எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அரசாணை கேட்கும்போது எண், துறை, தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எண் மட்டும் போதாது, ஒவ்வொரு துறைக்கும் தனி எண்வரிசை உண்டு. சுதேசப் பத்திரிகை அறிக்கைகள் என்று ஒரு தொடர் உண்டு: தமிழ் இதழ்களில் அரசுக்கு உறுத்திய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவை. அதைத் திரும்பத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போடுவது பெரும் தவறு. பேசியவர் சொல்லாத தமிழ் அவர் வாயில் ஏறிவிடும். இதழின் பெயரையும் தேதியையும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ பெரியார் திடல் நூலகத்திலோ தேடுங்கள். உங்கள் ஊர்ச் சங்கம் 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்றும் பார்க்கலாம். பதிவு இல்லை என்பதாலேயே சங்கம் இல்லை என்று ஆகாது.

தொடக்க ஆண்டு பற்றிய சண்டை கடைசி வரை தீராது. இயக்கத்துக்கே சிலர் 1925 என்பார்கள், சிலர் 1926 என்பார்கள். இதழ் பிறந்ததையும், காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரசை விட்டதையும், சங்கம் அமைந்ததையும் ஒன்றாக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. உங்கள் ஊர்க் கிளைக்கு 'தோற்றம்' என்று ஒற்றை ஆண்டைப் போடாமல், முதல் கூட்டம், முதல் நிர்வாகிகள் பட்டியல், முதல் சந்தா வரவு மூன்றையும் அவற்றின் தேதியோடு தனித்தனியே எழுதிவையுங்கள்.