சமூகப் பிரச்சினை பற்றிப் பேச ஒரு பத்திரிகையாளரை அழைப்பது எப்படி? முதன்முறை ஏற்பாட்டாளருக்கான செய்முறை

கல்லூரியின் சமூகப்பணித் துறை, நாட்டு நலப்பணித் திட்டம், நூலக வாசகர் வட்டம், தொழிற்சங்கம் என ஏதோ ஓர் அமைப்பில் கருத்தரங்கு நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மேடைப் பேச்சாளருக்குப் பஞ்சமில்லை. பட்டிமன்றக்காரரையும் தன்னம்பிக்கை உரையாளரையும் அழைக்கும் முறை எல்லோருக்கும் பழக்கம். களத்துக்குப் போய்ச் செய்தி சேகரித்து, அதை நூலாகவும் எழுதிய ஒருவரைச் சிறப்புரைக்கு அழைப்பது அதிலிருந்து மாறுபட்ட வேலை. அவர் தாம் நேரில் பார்த்ததையும் விசாரித்துச் சரிபார்த்ததையும் சொல்ல வருகிறார். அதைச் சொல்வதற்கான நேரமும் சுதந்திரமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். ஏற்பாடுகள் அனைத்தையும் இந்த ஒரு நோக்கத்தோடு செய்யுங்கள்.

படி 1: தலைப்பைக் குறுக்குங்கள்

‘சமூகப் பிரச்சினைகளும் இளைஞர்களும்’ என்று அழைப்பிதழில் போட்டால், பேச வருபவர் எதையும் பேசலாம். கேட்பவர் எதையும் மறக்கலாம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களைப் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்கும் பிறகும் மரணச் செய்திகள் வருகின்றன. ‘சட்டம் வந்த பிறகும் தொட்டிக்குள் இறக்கப்படுவது யார்?’ என்று தலைப்பு வையுங்கள். இதைப் பேசத் தகுதியானவர் யார் என்பதைத் தலைப்பே பாதி சொல்லிவிடும்.

படி 2: படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்

தொலைக்காட்சி விவாதத்தில் பார்த்த முகம் என்பதற்காக யாரையும் அழைக்காதீர்கள். அந்தப் பிரச்சினையைப் பற்றி அவர் எழுதிய மூன்று, நான்கு செய்திக் கட்டுரைகளையும் ஒரு நூலையும் உங்கள் குழு படிக்கட்டும். பாதிக்கப்பட்டவர்களின் சொற்கள் அவற்றில் இருக்கின்றனவா? அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டிருக்கிறாரா? அதே ஊருக்குப் பின்னொரு நாள் திரும்பிப் போயிருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். ஒரு நாள் செய்தியோடு விட்டுவிடாதவரிடம்தான் ஒரு மணி நேரம் பேசுவதற்கான சரக்கு இருக்கும்.

ஊரகச் செய்தியாளர் பி. சாய்நாத் ஊரக நெருக்கடியைப் பற்றி மேடையில் பேசும்போது, 1990களின் தொடக்கம் முதல் அவர் வறிய மாவட்டங்களில் அலைந்து எழுதிய செய்திகள் அந்தப் பேச்சைத் தாங்கி நிற்கின்றன. 2007இல் மகசேசே விருது பெற்றவர். 2014 டிசம்பரில் ‘பாரி’ என்னும் ஊரக ஆவணத் தளத்தைத் தொடங்கியவர். அந்த அளவுக்குப் பெயர் பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மாவட்டச் செய்தியையே பல ஆண்டுகளாக எழுதிவரும் ஒருவர் உங்கள் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தியோடு வரக்கூடும்.

அவர் பேசிய காணொளி ஒன்றையாவது முழுதாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பேசுபவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் தேவை. உரைக்கான நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சென்னைப் புத்தகக் காட்சியும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களும் எழுத்தாளர்களை நேரில் கேட்க நல்ல இடங்கள். அங்கேயே பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்.

படி 3: தேதி

ஏப்ரல் 14 சமத்துவ நாள், செப்டம்பர் 17 சமூக நீதி நாள், டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள், மார்ச் 8 மகளிர் நாள். இந்தத் தேதிகளில் எல்லோரும் இப்படிப்பட்ட பத்திரிகையாளர்களைத்தான் தேடுவார்கள். ஒரு வாரம் முன்போ பின்போ வையுங்கள். ஜனவரியில் பலர் புத்தகக் காட்சியில் இருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டமென்றால் மாற்றுத் தேதி ஒன்றையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்குள் அவருடைய ஒப்புதல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

படி 4: கடிதம்

யாரிடமோ வாங்கிய கைப்பேசி எண்ணில் நள்ளிரவில் வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள். பதிப்பகம் வழியாகவோ பத்திரிகை அலுவலகம் வழியாகவோ முறையாக அணுகுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்:

“மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம். எங்கள் கல்லூரிச் சமூகப்பணித் துறையின் ஒருநாள் கருத்தரங்கில் தாங்கள் சிறப்புரை ஆற்ற வேண்டுகிறோம். தலைப்பு: சட்டம் வந்த பிறகும் தொட்டிக்குள் இறக்கப்படுவது யார்? இப்பொருள் பற்றித் தாங்கள் எழுதியவற்றை எங்கள் மாணவர்கள் படித்து விவாதித்துள்ளனர். உரைக்கு 50 நிமிடம், கேள்விகளுக்கு 30 நிமிடம் ஒதுக்கியுள்ளோம். பார்வையாளர்கள் சுமார் 200 பேர்; பெரும்பாலும் இளங்கலை மாணவர்கள். மதிப்பூதியமாக … ரூபாயும் பயணம், தங்குமிடச் செலவும் எங்கள் பொறுப்பு. நிகழ்ச்சிக்கு நிதி தருபவர்: … . தங்களுக்கு வசதியான தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

மாணவர்கள் உண்மையாகவே படித்திருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள். பணியில் இருக்கும் பத்திரிகையாளர் என்றால் ஆசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் கொடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

படி 5: பணம்

இந்த இடத்தில்தான் நம் அமைப்புகள் கூச்சம் என்ற பெயரில் அநியாயம் செய்கின்றன. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். பேச வருபவரிடம் மட்டும் ‘சமூகத்துக்காகத்தானே’ என்று சொல்லிப் பொன்னாடையோடு அனுப்பிவைக்கிறோம். சுதந்திரப் பத்திரிகையாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. உங்கள் ஊருக்கு வந்து போகும் இரண்டு நாளில் அவர் எழுதி ஈட்டக்கூடியதை இழக்கிறார். ஏழைகளைப் பற்றிப் பேசுபவர் இலவசமாகப் பேச வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. முதல் கடிதத்திலேயே தொகையைச் சொல்லுங்கள். குறைவான தொகை என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். பலர் அதற்கும் சம்மதிப்பார்கள். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவை மதிப்பூதியத்தில் சேர்த்துவிடலாம்.

கணக்குப் பிரிவில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தொழில்முறைக் கட்டணம் ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000. பிடித்தம் செய்யும் நிலையில் பான் எண் இல்லையென்றால் அது 20 சதவீதமாகிவிடும். ஆகவே பான், வங்கி விவரங்களை ஒப்புதல் வந்ததும் கேட்டு வாங்குங்கள். பயணச் செலவைத் தனியாகக் காட்டுங்கள். பணியில் இருக்கும் பத்திரிகையாளர் சிலர் ஊதியம் வாங்க மறுக்கலாம். அவருடைய நிறுவன விதி அப்படியிருக்கலாம். அதை மதித்துப் பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 6: நிதி தருபவரையும் சுதந்திரத்தையும் பேசுங்கள்

ஒரு பத்திரிகையாளருக்கு அவருடைய நம்பகத்தன்மைதான் முதல். ஆற்றுநீர் மாசைப் பற்றி எழுதுபவரை அழைத்து, பின்னணிப் பதாகையில் ஒரு சாயப்பட்டறையின் பெயரைப் பெரிதாக அச்சிட்டால் அவருடைய பல ஆண்டு உழைப்பின் மேல் கறை விழும். தம் நிலைப்பாட்டைப் பாதிக்கக்கூடிய பரிசுகளையும் சலுகைகளையும் பத்திரிகையாளர் ஏற்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன. எனவே நிதி தருபவர் யார், மேடையில் உடன் அமர்பவர் யார், அரசியல் தலைவர் வருகிறாரா என்பதையெல்லாம் அவர் ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம் வந்தால் அன்றே தெரிவியுங்கள்.

உரையை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லித் திருத்துவது கூடவே கூடாது. உங்கள் நிர்வாகத்துக்கு அச்சம் இருக்குமானால், அழைப்பதற்கு முன்பே அதை உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘அரசியல் வேண்டாம், சமூகப் பிரச்சினை மட்டும் பேசுங்கள்’ என்ற நிபந்தனைக்கு நடைமுறையில் எந்தப் பொருளும் இல்லை. தொட்டிக்குள் ஒருவர் இறங்குவதற்குச் சாதியும் ஒப்பந்தமும் நகராட்சியும் காரணமாக இருக்கும்போது, அவற்றை விட்டுவிட்டு என்ன பேசுவது?

படி 7: ஒளிப்பதிவு

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமேடையில் ஒருவர் தாமாக ஆற்றும் உரைக்கு அவரே முதல் உரிமையாளர். யூடியூபில் ஏற்ற எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். ஏற்றும் முன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். கேள்வி நேரத்தில் யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

படி 8: நிகழ்ச்சி நாள்

வரவேற்புரை, தலைமையுரை, நான்கு வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து பன்னிரண்டரை மணிக்குச் சிறப்பு விருந்தினரிடம் ஒலிவாங்கி வருகிறது. கூடவே ‘சுருக்கமாக’ என்று ஒரு துண்டுச்சீட்டும் வருகிறது. நம் ஊர் விழாக்களில் இது மாறாத காட்சி. வரவேற்புக்கும் அறிமுகத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். தலைமையுரையைப் பின்னால் வையுங்கள். துறைத்தலைவர் வருத்தப்பட்டால், அழைப்பிதழ் அச்சாகும் முன்பே நீங்கள்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

கேள்விகளை எழுதி வாங்குங்கள். முதல் வரிசை ஆண்களே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உடையும். பின்வரிசை மாணவிகளின் கேள்வியும் மேடைக்கு வரும். நூல் விற்பனைக்கு வாசலில் ஒரு மேசை போடுங்கள். புத்தகக் காட்சிகளில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியைப் பதிப்பகத்திடம் கேளுங்கள். ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவரப் பொறுப்பான ஒருவர் போகட்டும். மிரட்டல் வரக்கூடிய தலைப்பு என்றால், தங்குமிட விவரம் இரண்டு பேருக்கு மேல் தெரிய வேண்டாம்.

படி 9: பிறகு

பணத்தை அன்றே, தாமதமென்றால் ஒரு வாரத்துக்குள் வங்கியில் செலுத்துங்கள். வரி பிடித்திருந்தால் டிடிஎஸ் சான்றிதழை மறக்காமல் அனுப்புங்கள். அதற்காக அவர் உங்களைத் தொலைபேசியில் துரத்தக் கூடாது. விடை சொல்ல நேரம் கிடைக்காத மாணவர் கேள்விகளைத் தொகுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த கட்டுரைக்கான பொறி சில நேரம் அந்தச் சீட்டுகளில் இருக்கும்.